மாரிச்செல்வத்தின் கன்டினியூட்டி

என் வீட்டுக்காரரின் விலா எலும்பைப் பார்த்து ஒரு கூட்டமே கைதட்டியது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால், போய் வேலையைப் பாருடா என்று விரட்டியிருப்பேன்.

அவர் பெயர் மாரிச்செல்வம். மட்டாஞ்சேரி பஜாரில் இஞ்சிக் கிடங்கில் மூட்டை சுமந்தவர். கல்யாணமான கையோடு சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இங்கே வந்தோம். பதினாறு வருஷம் ஓடிவிட்டது. நான் எர்ணாகுளம் பிராட்வேயில் ஒரு ஹோட்டலில் காய் நறுக்குகிறேன். பிள்ளை இல்லை. எனக்கென்று இருப்பது இந்த ஒரு ஆள்தான். அதனால் இந்த ஒரு ஆளை நான் திட்டுவதும் கொஞ்சம் அதிகம்தான்.

போன ஓணத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு இருமல் பிடித்தது. மிளகுத் தூசி என்றார், குளிர்ந்த தண்ணீர் என்றார், கடைசியில் சளியைச் சோதித்துப் பார்த்து டி.பி. என்றார்கள். அறுபது கிலோ மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடின மனிதர் முப்பத்தொன்பது கிலோவில் வந்து நின்றார்.

எங்கள் பகுதியில் வீடு வீடாக மருந்து கொண்டுவரும் ஜிஷாதான் தைரியம் சொன்னாள். மலையாளப் பெண்; எங்களோடு பேசும்போது பாதித் தமிழ் கலப்பாள். "ஜெயச்சேச்சி, பேடிக்கண்டா, பயப்படவேண்டாம். காலையில வெறும் வயித்துல மூணு மாத்திரை. ஆறு மாசம், ஒரு நாள் விடக்கூடாது. முழுசாக் குணமாகும். மூத்திரம் ஆரஞ்சுச் சிவப்பாப் போகும், அதுக்கும் பயப்படாதே. மருந்து உள்ளே போவுதுன்னு அதுதான் அடையாளம்."

பயப்படவில்லை. முதல் மாதம் முடிந்து எடை பார்த்தபோது நாற்பத்தொன்று. இரண்டு கிலோ! நான் அன்றைக்கு ஹோட்டலில் எல்லோருக்கும் என் செலவில் சாயா வாங்கிக் கொடுத்தேன்.

அந்த வாரம்தான் யூசுப் வந்தான். எங்கள் லைன் வீடுகளுக்கு அடுத்த தெருக்காரன். சினிமாவுக்குக் கூட்டம் பிடித்துக் கொடுப்பது அவன் தொழில். சென்னைக்காரர்கள் தமிழில் ஒரு சீரியல் எடுக்கிறார்கள், போனில் பார்க்கிற சீரியல், ஒல்லியான ஆள் வேண்டும் என்றான். வாசலில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தவன் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டான். "அண்ணே, நீங்க வந்தா மத்தவன் யாரும் வேண்டாம்" என்றான். நான் உள்ளேயிருந்து கத்தினேன், அவருக்கு உடம்பு சரியில்லை என்று. சும்மா படுத்துக் கிடந்தால் போதும் சேச்சி என்றான். படுத்துக் கிடப்பதை வீட்டில் கிடந்தால் என்ன, அங்கே போய்க் கிடந்தால் என்ன என்று நானும் விட்டுவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதல் நாள் போய்வந்தவர் சோற்றைப் பிசைந்தபடி எனக்குக் கதை சொன்னார். இரண்டு மாதமாக வாயைத் திறக்காத மனிதர். "விக்டோரியா ராணி காலம், ஜெயா. ஆயிரத்து எண்ணூத்து எழுபத்தேழு. மெட்ராஸ்ல பெரும் பஞ்சம். அரிசி மூட்டையெல்லாம் கப்பலேறப் போகுது, ஜனங்க கிடங்கு வாசல்ல செத்துக் கிடக்குது. அப்ப இருநூறு வருஷம் கழிச்சு இருக்கிற ஒரு டாக்டரம்மா மிஷின்ல ஏறி இங்க வருது. அதால ஒரே ஒரு ஆளைத்தான் காப்பாத்த முடியும். அந்த ஆள் யாரு தெரியுமா?" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தபடி இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

மூன்றாம் நாள் லீவு போட்டுவிட்டு நானும் போனேன். ஐயோ, அந்தக் கூத்தை என்ன சொல்ல! அவர் மூட்டை சுமந்த அதே பஜார்தான். கரண்டுக் கம்பிமேல் சாக்கைப் போர்த்தியிருந்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த போஸ்டர்மேல் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். ஃபோர்ட் கொச்சிக்குச் சுற்றிப் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் ஆறு பேருக்குக் கம்பளிக் கோட்டும் உயரத் தொப்பியும் மாட்டி வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். பாவம், அவர்களுக்கு வேர்வை ஆறாக ஓடியது. காலத்தைக் கடந்து வருகிற மிஷின் ஒரு பெரிய செம்பு அண்டா. அதற்குப் பின்னால் பள்ளுருத்திக்காரர் ஒருவர் உட்கார்ந்துகொண்டு, டைரக்டர் கை காட்டும்போதெல்லாம் நீல விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார்.

என் வீட்டுக்காரர் கிடங்கு வாசலில் வெறும் தரையில் கிடந்தார். உடம்பெல்லாம் சாம்பல் பூசியிருந்தது. டாக்டரம்மாவாக நடிக்கிற நடிகை குனிந்து ஒரு மாத்திரையை அவர் வாயில் வைத்தாள். மாத்திரை என்றால் சர்க்கரை அடைத்த வெறும் கூடு. அவர் அதை விழுங்கினார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது, விலா ஒவ்வொன்றாகத் தெரிந்தது. டைரக்டர் "கட்" என்றார், எல்லோரும் கைதட்டினார்கள். அஞ்சு தடவை எடுத்தார்கள், அஞ்சு தடவையும் கைதட்டினார்கள். ஒருத்தர் ஓடி வந்து நாற்காலி போட்டார், இன்னொருத்தர் இளநீர் கொடுத்தார்.

அவர் கண்ணைத் திறந்து எழுந்திருக்கிற பாதியை எடுப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மீதியைப் பத்து நாள் கழித்து எடுப்பதாகச் சொன்னார்கள். உதவி டைரக்டர் மகா என்ற பெண், சென்னைக்காரி, இருபத்தஞ்சு வயது இருக்கும். கையில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, யார் சட்டையில் எந்தப் பொத்தான் கழன்றிருந்தது, யார் எந்தக் காலை மடக்கியிருந்தார்கள் என்று எழுதிக்கொண்டே இருந்தாள். அதற்குப் பேர் கன்டினியூட்டியாம். இன்றைக்கு எடுத்ததும் பத்து நாள் கழித்து எடுப்பதும் ஒரே நிமிஷத்தில் நடந்த மாதிரி இருக்க வேண்டுமாம். அவரை நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டு, ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னாள்: "அண்ணே, அடுத்த ஷெட்யூல் வரைக்கும் இப்படியே இருக்கணும். தயவுசெஞ்சு வெயிட் போட்டுறாதீங்க."

நான் பக்கத்தில்தான் நின்றேன். காதில் விழுந்தது, சிரிக்கக்கூடச் செய்தேன்.

அதற்குப் பிறகு அவர் சோற்றைக் குறைத்தார். கேட்டால் பசியில்லை என்றார். பீட்ரூட் மட்டும் கொண்டுவா, ரத்தம் ஊறும் என்றார். ஹோட்டலில் மிஞ்சுகிற பீட்ரூட்டைத் தினமும் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். எதையோ விரும்பிச் சாப்பிடுகிறாரே என்று எனக்கு ஆனந்தம். கக்கூசுக்குப் போனால் தண்ணீர் ஊற்றாமல் வருவார். "நாலு குடும்பம் போற இடம், ஒரு குவளைத் தண்ணி ஊத்த வலிக்குதா?" என்று திட்டிக்கொண்டே நான் போய் ஊற்றுவேன். சிவப்பாக இருக்கும். மருந்து வேலை செய்கிறது என்று என் மனசும் நிறையும்.

இரண்டாம் மாதம் முடிந்து ஜிஷா எடை பார்க்கும் மிஷினோடு வந்தாள். அவரை ஏற்றி நிறுத்தினாள், இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். முப்பத்தெட்டு.

"இது எந்தா சேச்சி? வெயிட்டு கொறஞ்ஞு போயல்லோ. மருந்து முடங்கியோ?"

"ஒரு நாள் விடலையே! மூத்திரம்கூட நல்ல சிவப்பாத்தான் போவுது. நான்தானே தண்ணி ஊத்துறேன்."

ஜிஷா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆரஞ்சா, ரோஸா?"

"ரோஸ் மாதிரி."

"பீட்ரூட் கழிக்குன்னுண்டோ?" பீட்ரூட் சாப்பிடுகிறாரா என்று கேட்கிறாள்.

பீட்ரூட் தின்றாலும் மூத்திரம் சிவக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வந்ததே கோபம்! அந்த நிமிஷம் அவரைக் கொன்றே போட்டிருப்பேன். அரிசிப் பானையைக் கவிழ்த்தேன், அலமாரியைக் கலைத்தேன், தலையணையைக் கிழித்தேன். உறைக்குள்ளிருந்து மாத்திரைகள் கொட்டின. மூன்று வாரத்து மாத்திரை. "பாழாப் போன மனுசா, யாரை ஏமாத்துற? என்னையா, எமனையா?" என்று கத்தினேன். ஜிஷா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் தலையைக் குனிந்தபடி சொன்னார். "மாத்திரை போட்டா பசிக்குது, ஜெயா. பசிச்சா சாப்பிடுறேன். சாப்பிட்டா சதை போடுது. அந்தப் புள்ள படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சு. அந்த சீன் முடியட்டும், அப்புறம் ஒழுங்காப் போடுறேன்."

ஜிஷா அழுகிற மாதிரி ஆகிவிட்டாள். மருந்தை நடுவில் நிறுத்தினால் கிருமி பிழைத்துக்கொண்டு பலமாகிவிடும், பிறகு இந்த மருந்துக்குக் கட்டுப்படாது என்று அவருக்குத் தமிழிலும் சொன்னாள், மலையாளத்திலும் சொன்னாள். தலையை ஆட்டினார். அவர் தலையாட்டுகிற விதம் எனக்குத் தெரியாதா?

மறுநாளே மகா தங்கியிருந்த லாட்ஜுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, சத்தியமா நான் மருந்தை நிறுத்தச் சொல்லலை. அவருக்கு நோய்னே எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னா? நல்லா இருக்கிறவன் உடம்பா அது? அவரை விட்டுருங்க, வேற ஆளை வச்சு எடுத்துக்குங்க."

"பாதி எடுத்தாச்சு அக்கா. கதையே அவர்தான். ஹீரோயின் டேட் கிடைக்காமத்தான் தள்ளிக்கிட்டே போகுது. அடுத்த வாரம் எப்படியும் முடிச்சிடுவோம். நானே அண்ணன்கிட்ட பேசுறேன், மாத்திரை சாப்பிடச் சொல்றேன்." பிறகு கொஞ்சம் தயங்கி, மற்றவர்களுக்குத் தொற்றாது என்று ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று கிடைக்குமா என்று கேட்டாள்.

சீட்டு கிடைக்காமல் போனால் அவரைக் கழித்துவிடுவார்கள் என்று எனக்குள்ளே ஒரு நப்பாசை. அந்த மனுசன் மறுநாள் தானாகவே போய், இரண்டாம் மாதச் சளிச் சோதனைச் சீட்டை நீட்டிவிட்டு வந்தார். அதில் கிருமி இல்லை என்றுதான் போட்டிருந்தது. அன்றைக்கு இல்லைதான். நான் என்ன செய்ய?

அடுத்த வாரம் அடுத்த மாதமாயிற்று. அந்த நடிகைக்கு வேறு படம். கிறிஸ்துமஸ் கழியட்டும் என்றார்கள். கழிந்தது, செம்பு அண்டாவில் ஏதோ கோளாறு என்றார்கள். நான் விடியுமுன் எழுந்து, பஸ்ஸுக்கு ஓடுவதற்கு முன்னால், மாத்திரையை அவர் வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். காட்டினார். வாயைத் திறந்து பார்க்கலாம், நான் போன பிறகு கொல்லைப் பக்கம் போய் விரலை விட்டு வாந்தி எடுப்பதை எப்படிப் பார்ப்பது? அடுத்த வீட்டு ரோஜா பார்த்துச் சொல்லித்தான் அதுவும் எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கு நான் திட்டவில்லை. திட்டித் திட்டி எனக்கே அலுத்துவிட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏங்க, நான் உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?" என்று கேட்டேன். அழுகை வந்துவிட்டது.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். "கிடங்குல என் பேரை அடிச்சிட்டாங்க. சாயாக் கடையில எனக்குன்னு தனி கிளாசு. தம்பி முறை ஆகுறவன் போன் எடுக்க மாட்டேங்கிறான். அங்க ஒருத்தன் நாற்காலி தூக்கிட்டு ஓடி வாரான், ஜெயா. அண்ணே அண்ணேன்னு கூப்பிடுறான். என் உடம்பை வச்சு எனக்குக் கிடைச்ச மரியாதை அது ஒண்ணுதான். சதை போட்டுட்டா நான் யாரு?"

என் கண்ணுக்கு நீங்க யாருன்னு தெரியாதா என்று கேட்க நினைத்தேன்.

ஒருவழியாக ஜனவரிக் கடைசியில் எடுத்தார்கள். நான் தள்ளி நின்று பார்த்தேன். நடிகை தாங்கிப் பிடிக்க, அவர் கண்ணைத் திறந்து எழுந்து உட்கார வேண்டும். உட்கார முடியவில்லை. மூன்று தடவை முயன்று நாலாவது தடவை எழுந்தார். டைரக்டர் அப்படியே ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இப்படி ஒரு நடிப்பை நான் பார்த்ததே இல்லை என்றார். அது நடிப்பு இல்லை ஐயா என்று சொல்ல எனக்கு வாய் துடித்தது. என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தேன், சொல்லவில்லை.

கிளம்பும்போது மகா வந்தாள். "அண்ணே, இன்னும் ஒரே ஒரு ஷாட் இருக்கு. பத்து வருஷம் கழிச்சு. பிழைச்சுக்கிட்ட ஆள் நல்லா தேறி, வேட்டி சட்டையோட கடற்கரையில நிப்பாரு. கதையோட கடைசி ஷாட். அதுக்கு நீங்க நல்லா வெயிட் போடணும். மூணு மாசம் டைம். மாத்திரையெல்லாம் ஒழுங்காச் சாப்பிடுங்க, என்ன?" அவள் எனக்காகத்தான் அதைச் சேர்த்துச் சொன்னாள் என்று நினைக்கிறேன். நல்ல பெண்தான். அவளை முழுசாக வெறுக்கவும் என்னால் முடியவில்லை.

அன்று ராத்திரியே அவர் கேட்டுச் சாப்பிட்டார்! மறுநாள் மத்தி மீனும் கப்பைக் கிழங்கும். அதற்கு மறுநாள் முட்டை. மாத்திரையைத் தானே எடுத்து, என் கண் முன்னால் விழுங்கி, வாயைத் திறந்து காட்டினார். பத்து நாள் நான் தெம்பாக இருந்தேன். பதினோராம் நாள் இருமலில் ரத்தம் வந்தது.

ஆஸ்பத்திரியில் மறுபடி சோதித்தார்கள். கிருமி பழைய மருந்துக்கு மசியவில்லை. இனி வேறு மருந்து, ஒன்றரை வருஷம். அந்த மாத்திரை குடலைப் புரட்டியது. சாப்பிட்டது அவ்வளவும் வெளியே வந்தது. அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "இன்னொரு கரண்டி வையி" என்பார். மூன்று மாதம் முன்னால் நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் தின்னாத மனுசன். இப்போது தின்கிறேன் என்கிறார், உடம்பு வாங்க மாட்டேன் என்கிறது. முப்பத்தாறு. முப்பத்தஞ்சரை. ஜிஷா எண்ணைச் சத்தமாகச் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

சித்திரையில், ஹோட்டலில் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தபோது மகா போன் செய்தாள். இனிக் காத்திருக்க முடியாதாம். கடைசி ஷாட்டை வேறொருவரை வைத்து முதுகுப் பக்கமாக எடுத்துவிட்டார்களாம். "அண்ணன்கிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க, அக்கா. எனக்குச் சொல்ல வாய் வரலை."

சொல்லிவிடுவது என்றுதான் பஸ்ஸில் வந்தேன். நல்லது, அந்தச் சனியன் தொலைந்தது என்றுகூட நினைத்தேன். வீட்டுக்குள் நுழைந்தால், சாயங்கால மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். விழுங்கினால் வாந்தி வரும் என்று அவருக்குத் தெரியும்.

"கன்னம் கொஞ்சம் உப்பின மாதிரி இல்ல?" என்று கேட்டார். "தேதி ஏதும் சொன்னாங்களா, ஜெயா?"

இந்த மனுசன் எனக்காக மாத்திரை விழுங்கவில்லை. தனக்காகவும் இல்லை. அது எனக்கு அந்த வாசலிலேயே விளங்கிவிட்டது. கோபமும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் முழுங்கிக்கொண்டேன்.

"வைகாசியில வைக்கிறாங்களாம்" என்றேன். "நல்லா சதை பிடிக்கட்டும்னு மகா சொல்லுச்சு."

மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார்.

வைகாசி வந்தது, ஆனி என்றேன். ஆனியில் மழை, கடற்கரையில் எடுக்க முடியாது என்றேன். பொய் சொல்லச் சொல்ல எனக்கு நன்றாகவே வந்தது. ஒவ்வொரு தேதிக்கும் அவர் ஒரு மாதம் மருந்து தின்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை பகல், யூசுப் தலைதெறிக்க ஓடி வந்தான். கையில் போன். "சேச்சி, சீரியல் வந்தாச்சு! நம்ம மாரியண்ணன் வந்தாச்சு! லைன்ல எல்லாரும் பாத்துட்டிருக்காங்க!" வாசற்படியிலேயே அவனை மறித்தேன். போனை வாங்கிப் பார்த்தேன். நடிகை மாத்திரையை வைக்கிறாள், என் வீட்டுக்காரர் விழுங்குகிறார், கண்ணைத் திறக்கிறார். பிறகு கடல். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு அகலமான முதுகு. கை கால் கொழுத்த ஆள், நிம்மதியாக நிற்கிறான். அப்படி ஒரு முதுகு என் வீட்டுக்காரருக்கும் ஒரு காலத்தில் இருந்தது.

"யாரு, ஜெயா?" உள்ளேயிருந்து குரல் வந்தது. இப்போதெல்லாம் அவர் குரல் வாசல் வரை வருவதே பெரிய விஷயம். "யூசுப்பா? சூட்டிங் விஷயமா?"

யூசுப் வாயைத் திறந்தான். அவன் மணிக்கட்டை நான் பிடித்த பிடியில் போனே கீழே விழுந்தது. என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கும் விளங்கிவிட்டது, பாவம். கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஆமாங்க" என்று உள்ளே பார்த்துச் சொன்னேன். "இன்னும் எடுக்கலையாம். உங்களுக்காகத்தான் அத்தனை பேரும் காத்துக்கிட்டு இருக்காங்களாம். அந்தக் கஞ்சியைக் குடிங்க."